அம்புகளின் ஓரவஞ்சனை

உயர்தர வகுப்புக்குச் சார்புகள் படிப்பிக்கத் தொடங்கும் கிழமை எனக்குள் ஓர் அந்தரம் இருக்கும். பாடம் கடினமென்பதால் அல்ல. பிள்ளைகள் அதை மிக இலகுவாகப் படித்துவிடுகிறார்கள் என்பதால்தான். கரும்பலகையில் இரண்டு நீள்வட்டம், உள்ளே சில புள்ளிகள், இடமிருந்து வலமாகச் சில அம்புகள். நீள்வட்டம் ஒவ்வொன்றும் ஒரு தொடை, அதாவது ஒரு கூட்டம்; புள்ளிகள் அதன் மூலகங்கள், அதாவது உறுப்புகள். இடப்பக்கத் தொடையின் ஒவ்வொரு மூலகத்திலிருந்தும் ஓர் அம்பு, ஒரேயோர் அம்பு புறப்பட்டால் அது சார்பு. வெவ்வேறு மூலகங்கள் வெவ்வேறு இடங்களுக்குப் போனால் ஒன்றுக்கொன்றான சார்பு. வலப்பக்கத்தில் அம்பு படாத மூலகம் எதுவும் இல்லையென்றால் மேல் சார்பு. இரண்டும் பொருந்தினால் இருபுறச் சார்பு. கொப்பியில் எழுதி, படம் கீறி, கிடைமட்டக்கோட்டுச் சோதனையையும் பாடமாக்கி, சோதினையில் புள்ளியும் எடுத்துவிடுவார்கள். நான்கு வரைவிலக்கணமும் நான்கு தனித்தனித் துண்டுகளாக மனதில் கிடக்கும்.

மாங்குளத்துக்கு அப்பாலிருந்து பஸ் எடுத்து கிளிநொச்சிக்கு வகுப்புக்கு வரும் ஒரு பிள்ளை, எல்லாரும் எழுதி முடித்த பிறகு கையை உயர்த்தினாள். "ரீச்சர், ஒரு புள்ளியில இருந்து ரெண்டு அம்பு வெளிக்கிட்டா, அது சார்பே இல்லை எண்டு அழிக்கிறியள். ரெண்டு அம்பு வந்து ஒரு புள்ளியில விழுந்தா மட்டும் பரவாயில்லை எண்டு விடுறியள். ஏன் இந்த ஓரவஞ்சனை?"

எல்லா ஆசிரியர்களும் சொல்லும் பதிலைத்தான் நானும் சொன்னேன். ஒரு பெறுமானத்தைக் கொடுத்தால் ஒரு விடை வரவேண்டும், இரண்டு விடை வந்தால் எதை எடுப்பது என்று தெரியாது, ஆகவே அது சார்பாகாது. பதில் சரியானதுதான். "ஓம் ரீச்சர்" என்று சொல்லி இருந்துவிட்டாள். அந்த 'ஓம்' விளங்கியதால் வந்த ஓம் இல்லை, மரியாதைக்கு வந்தது. பரந்தன் சந்தி தாண்டி வீட்டுக்குப் போகும் வழி முழுவதும் அந்தக் கேள்வி என்னோடு கூடவே வந்தது. அவள் கேட்டது சார்பு என்றால் என்ன என்பதை அல்ல. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் ஒரு படத்தில், ஒரு பக்கத்துக்கு மட்டும் ஏன் சட்டம் என்று கேட்டாள்.

வரலாற்றைப் பார்த்தாலும் இந்தச் சட்டம் முதலிலிருந்தே இருந்ததில்லை. 1748இல் கணிதவியலாளர் ஒய்லர் எழுதியபோது, சார்பு என்பது மாறிகளையும் எண்களையும் கொண்டு அமைக்கும் ஒரு கோவை, அதாவது ஒரு சூத்திரம். பல பெறுமானங்கள் தரும் சார்புகளையும் அவர் சார்பென்றே சொன்னார். 1837இல் டிரிச்லே என்ற இன்னொரு கணிதவியலாளர் சூத்திரத்தை விட்டுவிட்டார். ஒவ்வொரு பெறுமானத்துக்கும் ஒரு திட்டமான பெறுமானம் பொருந்தினால் போதும், எந்த வழியில் பொருந்துகிறது என்பது தேவையில்லை என்றார். அதற்கு முன்பே, 1829இல், விகிதமுறும் எண்களை ஒரு பெறுமானத்துக்கும் விகிதமுறா எண்களை இன்னொரு பெறுமானத்துக்கும் அனுப்பும் ஒரு சார்பைக் காட்டியிருந்தார். அதை வரைபாகக் கீறவே முடியாது. முடிவில்லாத எண்கள் எல்லாம் இரண்டே இரண்டு இடங்களில் போய் விழுகின்றன. அப்படி எல்லாவற்றையும் அள்ளி ஒரு புள்ளியில் கொட்டினாலும் கணிதம் அதைச் சார்பென்று ஏற்றுக்கொள்கிறது. ஒரேயொரு எண்ணிலிருந்து இரண்டு அம்பு கிளம்பினால் ஏற்காது. பிள்ளையின் கேள்வியில் நியாயம் இருந்தது.

சிறுபோகக் கூட்டம்

பதில் கிடைத்தது புத்தகத்தில் இல்லை. அப்பா எங்கள் ஊர்க் கமக்காரர் அமைப்பில் நெடுநாளாக இருப்பவர். கண் சத்திரசிகிச்சை செய்திருந்ததால் அந்த முறை சிறுபோகக் கூட்டத்தில் பங்குப் பட்டியலை வாசிக்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வன்னியில் வயல் செய்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. காலபோகத்துக்கு மழை இருக்கிறது, எல்லா வயலும் விதைக்கலாம். சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர்தான். இரணைமடு என்றாலும் சரி, எங்கள் ஊர்க்குளம் போன்ற சின்னக் குளமென்றாலும் சரி, நீர்மட்டத்தைப் பார்த்து எத்தனை ஏக்கர் செய்யலாம், எந்தெந்த வாய்க்கால்களுக்குத் தண்ணீர் திறக்கலாம் என்று முதலில் தீர்மானிப்பார்கள். பிறகு, அந்தக் குறைந்த நிலத்தில், வேறு வாய்க்கால்களில் காணி உள்ளவர்களுக்கும் பங்கு பிரிப்பார்கள்.

அப்பாவின் சீ.ஆர். கொப்பி மட்டையின் மூலைகள் மழுங்கிப்போனது. உள்ளே சிவப்புக் கோட்டுக்கு இடப்பக்கம் பெயர்கள், நீலப் பேனையில். வலப்பக்கம் வாய்க்கால் இலக்கமும் வயல் துண்டின் இலக்கமும், பென்சிலில். பெயர் மாறாது, துண்டு மாறும் என்பதற்காக அப்படி. கடைசிப் பக்கத்தில் அந்தப் போகத்துக்குத் தண்ணீர் பாயும் துண்டுகள் எல்லாவற்றினதும் பட்டியல் தனியாக இருந்தது. பொதுநோக்கு மண்டபத்தில் நான் பெயர்களை வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராக எழும்பிப் பேசினார்கள்.

பின்வாங்கிலிருந்து ஓர் ஐயா: "என்ர பேர் வாசிக்கேல்லையே பிள்ளை."

இன்னொருவர், பக்கத்திலிருந்தவரைக் காட்டி: "இவருக்கு மூண்டாம் வாய்க்காலிலயும் கிடக்கு, ஐஞ்சிலயும் கிடக்கு. எதில விதைக்கப்போறார்?"

ஓர் அம்மா: "மருதமரத்தடித் துண்டை ஒருத்தருக்கும் எழுதேல்லையோ?"

கடைசியாக ஒரு இளம் கமக்காரர்: "அக்கா, எனக்கு எழுதின துண்டில வேறயொருத்தரின்ர பேரும் கிடக்கு."

கொப்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். இடப்பக்கத்தில் அம்பு புறப்படாத மூலகம். இடப்பக்கத்தில் இரண்டு அம்பு புறப்பட்ட மூலகம். வலப்பக்கத்தில் அம்பு படாத மூலகம். வலப்பக்கத்தில் இரண்டு அம்பு விழுந்த மூலகம். ஒரு பட்டியலைப் பற்றி மனிதர் முறைப்பட இந்த நான்கு வழிதான் உண்டு. முதலிரண்டும் இல்லாவிட்டால் பட்டியல் ஒரு சார்பு. மூன்றாவது இல்லாவிட்டால் மேல் சார்பு. நான்காவது இல்லாவிட்டால் ஒன்றுக்கொன்றான சார்பு. நான்கும் இல்லாவிட்டால் இருபுறச் சார்பு. பாடப்புத்தகம் முதலிரண்டையும் வரைவிலக்கணத்துக்குள் ஒளித்து வைத்துவிட்டு, கடைசி இரண்டையும் 'வகைகள்' என்று வேறு பக்கத்தில் தருகிறது. உண்மையில் அவை இரண்டு சோடிகள். கொப்பியைத் துண்டு இலக்கப்படி மாற்றி எழுதினால், அதாவது அம்புகளை எல்லாம் திருப்பிவிட்டால், முதலாவது முறைப்பாடு மூன்றாவதாக மாறும், இரண்டாவது நான்காவதாக மாறும்.

அதைவிட முக்கியமானது, கூட்டம் அந்த நான்கையும் எப்படி எடுத்துக்கொண்டது என்பதுதான். முதல் இரண்டு முறைப்பாட்டுக்கும் வாசிப்பு அந்த இடத்திலேயே நின்றது. பெயரைச் சேர்த்து, இரட்டைப் பங்கை வெட்டிய பிறகுதான் மேலே போகவிட்டார்கள். மூன்றாவதுக்கு, "கிடக்கட்டும், பிறகு பாப்பம்" என்றார்கள். நான்காவதுக்கு, "சேர்ந்து செய்யுங்கோ தம்பி" என்றார்கள். பிள்ளை சொன்ன அதே ஓரவஞ்சனை! கணிதம் படிக்காத ஐம்பது அறுபது பேர் கூடியிருந்த மண்டபத்தில் டிரிச்லேயின் சட்டம் அப்படியே நடந்தது. ஏனென்றால் அந்தப் பட்டியல் ஒரு கேள்விக்காக எழுதப்பட்டது: "நான் எங்க விதைக்கிறது?" கேட்பவர் கமக்காரர். அவருக்கு ஒரு விடை வேண்டும், ஒன்றுதான் வேண்டும். அந்த விடையை இன்னொருவரும் பெற்றிருக்கிறாரா என்பது அவர் கேள்விக்குள் இல்லை.

கூட்டம் முடிய, வாய்க்கால்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் அண்ணை வந்து கொப்பியை வாங்கிப் பார்த்தார். அவர் வலப்பக்கத்தைத்தான் முதலில் பார்த்தார். "இந்தத் துண்டுக்கு ஆர் பொறுப்பு? ராத்திரி வரம்பு உடைஞ்சா நான் ஆருக்குப் போன் எடுக்கிறது? ரெண்டு பேரெண்டா ஒருத்தரும் வராயினம்." கூட்டம் இலேசாக விட்ட நான்காவது முறைப்பாடுதான் அவருக்கு முதல் தலையிடி. ஒருத்தருக்கு இரண்டு இடத்தில் பங்கிருப்பது அவருக்கு ஒரு பிரச்சினையே இல்லை, இரண்டு துண்டுக்கும் ஒரே ஆளுக்குப் போன் எடுத்தால் காணும். அதே கொப்பி, அதே அம்புகள், எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கேள்வி. ஓரவஞ்சனை அம்புகளில் இல்லை. கேட்பவர் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்பதில் இருக்கிறது.

அடுத்த வகுப்பில் மூன்று பெயர், மூன்று துண்டு என்று வைத்துப் பிள்ளைகளை எண்ணச் சொன்னேன். கீறக்கூடிய அம்புகள் ஒன்பது. ஒவ்வொன்றும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், ஆகவே மொத்தம் 512 படங்கள். இவற்றில் ஒவ்வொரு பெயரிலிருந்தும் சரியாக ஓர் அம்பு புறப்படுபவை 27. ஒவ்வொரு துண்டிலும் சரியாக ஓர் அம்பு விழுபவையும் 27. இரண்டிலும் சேர்ந்து வருபவை 6. முதல் 27உம் கமக்காரரின் பட்டியல்கள், இரண்டாவது 27உம் தண்ணீர் திறப்பவரின் பட்டியல்கள், 6 மட்டும் இரண்டு பேருக்கும் சரிவரும். கேள்வி கேட்ட பிள்ளை அந்த இரண்டாவது 27ஐ எண்ணி முடித்ததும் பேனையைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப அதுவும் சார்புதான் ரீச்சர், மற்றப் பக்கத்தில இருந்து பாக்கோணும்" என்றாள். இந்த முறை மரியாதைக்கு ஓம் சொல்லவில்லை.

எதை வெட்டுவது

இதற்குப் பிறகு இன்னொரு விடயம் என்னை விடவில்லை. "இந்தச் சார்பு மேல் சார்பா?" என்று மட்டும் கேட்டு, எந்தத் தொடையிலிருந்து எந்தத் தொடைக்கு என்று சொல்லாமல் விடும் வினாக்கள். பயிற்சிப் புத்தகங்களில் நிறைய உண்டு. அது விடையில்லாத கேள்வி. மருதமரத்தடித் துண்டைப் பற்றி அந்த அம்மா கேட்க முடிந்தது, கடைசிப் பக்கத்தில் எல்லாத் துண்டுகளினதும் பட்டியல் ஏற்கெனவே எழுதியிருந்ததால்தான். பகிர்ந்த துண்டுகளை மட்டும் எழுதியிருந்தால், வெறுமையாய்க் கிடக்கும் துண்டென்று ஒன்று கண்ணிலேயே பட்டிருக்காது. அம்புகள் எங்கே விழுந்தனவோ அது வீச்சு. அம்புகள் எங்கே விழலாம் என்று நாம் முதலே அறிவிக்கிறோமோ அது இணையாட்சி. இணையாட்சியை வீச்சின் அளவுக்குச் சுருக்கினால் எந்தச் சார்பும் மேல் சார்பாகிவிடும்.

ஓர் எண்ணை அதன் வர்க்கத்துக்கு அனுப்பும் விதியை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா மெய்யெண்களிலிருந்தும் எல்லா மெய்யெண்களுக்கும் என்று எடுத்தால், 3உம் மறை 3உம் (-3) ஒரே 9க்குப் போகின்றன, மறையெண்கள் ஒன்றிலும் அம்பு விழுவதில்லை. ஒன்றுக்கொன்றும் இல்லை, மேல் சார்பும் இல்லை. வலப்பக்கத்தை மறையல்லாத எண்களாகக் குறைத்தால் மேல் சார்பு. இடப்பக்கத்தை அப்படிக் குறைத்தால் ஒன்றுக்கொன்றான சார்பு. இரண்டையும் குறைத்தால் இருபுறச் சார்பு, அப்போதுதான் வர்க்கமூலம் என்ற நேர்மாறு, அதாவது அம்புகளைத் திருப்பிய சார்பு, பிறக்கிறது. விதி ஒன்று, சார்புகள் நான்கு. இதை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் முகத்தில் வரும் வெளிச்சத்தை வேறு எந்தத் தேற்றத்துக்கும் நான் கண்டதில்லை.

ஆனால் இரண்டு வெட்டும் ஒன்றல்ல. வலப்பக்கத்தில் வெட்டினால் ஓர் அம்பும் போகாது, வெறும் இடம்தான் போகும். இடப்பக்கத்தில் வெட்டினால் அம்புகளோடு போகும். கல்குலேற்றரில் சைன் நேர்மாறுக்கு 0.5 கொடுத்தால் 30 பாகை மட்டும் வருவதும் இதனால்தான். 150 பாகைக்கும் சைன் 0.5தான். நேர்மாறு வேண்டுமென்பதற்காக மறை 90இலிருந்து 90 வரை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டியிருக்கிறோம். முக்கோணி தீர்க்கும்போது 150ஐ மறந்துவிட்டு ஒரு முக்கோணியையே தொலைக்கும் பிள்ளைகளுக்கு, எது வெட்டப்பட்டது என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

வெட்டாமலும் ஒன்றுக்கொன்றாக்க ஒரு வழி உண்டு. கூட்டம் அதைத்தான் செய்தது. "சேர்ந்து செய்யுங்கோ" என்று சொன்னபோது யாரையும் பட்டியலிலிருந்து நீக்கவில்லை. ஒரே துண்டுக்குப் போன இரண்டு பெயரையும் ஒரே கூட்டாக எழுதினார்கள். இப்போது கூட்டுகளிலிருந்து துண்டுகளுக்கு அம்பு கீறினால் அது ஒன்றுக்கொன்றானது. எந்தச் சார்பையும் இப்படி இரண்டு படியாகப் பிரிக்கலாம். முதற்படி, ஒரே இடத்துக்குப் போகிறவர்களை ஒன்றாகச் சேர்ப்பது. அது எப்போதும் மேல் சார்பு. இரண்டாம் படி, ஒவ்வொரு கூட்டையும் அதன் இடத்துக்கு அனுப்புவது. அது எப்போதும் ஒன்றுக்கொன்றானது. பல்கலைக்கழகத்தில் சமவலு வகுப்புகள் என்ற பெயரில் இதைப் படித்தபோது எனக்கு அது வெறும் குறியீடாகத்தான் இருந்தது.

சேர்ந்து செய்யுங்கோ என்று சொல்ல முடியாத இடங்களும் எங்கள் மண்ணில் இருக்கின்றன. ஒரே காணிக்கு இரண்டு குடும்பங்களிடம் கடதாசி இருக்கும். ஒருவர் இடம்பெயர்ந்து போன காலத்தில் இன்னொருவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும், இரண்டு பேரும் வேலி அடைத்திருப்பார்கள், கிணறு வெட்டியிருப்பார்கள். காணியிலிருந்து உரிமையாளருக்குப் போகும் அந்தத் தொடர்பில் ஒரு புள்ளியிலிருந்து இரண்டு அம்பு. அது சார்பல்ல என்று கரும்பலகையில் அழிப்பது ஒரு விநாடி வேலை. பிரதேச செயலக வாசலில் கோவையோடு ஆண்டுக்கணக்காக நிற்பவர்களுக்கு அப்படியில்லை. ஒரு புள்ளிக்கு ஓர் அம்பு என்ற சட்டம் எவ்வளவு பெரிய உறுதிமொழி என்பதை இந்தப் பிள்ளைகள் வீட்டிலேயே கண்டு வளர்கிறார்கள். அதை அவர்களிடம் நான்கு சொல் வரைவிலக்கணமாகக் கொடுத்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

அடையாள அட்டை இலக்கம் இதற்கு எதிர்ப்பக்கம். 2009இல் முள்ளிவாய்க்காலைக் கடந்து வெறுங்கையோடு வந்தவர்களில் அட்டை தொலைத்தவர்கள் எத்தனையோ பேர். அட்டைதான் தொலைந்தது, இலக்கம் தொலையவில்லை. ஆளிலிருந்து இலக்கத்துக்குப் போகும் சார்பு ஒன்றுக்கொன்றானது, ஆகவே இலக்கத்திலிருந்து ஆளுக்குத் திரும்பி வரலாம். பழைய ஒன்பது இலக்க முறையில் முதலிரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். நூற்றாண்டு மாறும்போது இரண்டு இலக்க ஆண்டு ஒன்றுக்கொன்றுத் தன்மையைக் காப்பாற்றாது. 2016இல் தொடங்கிய பன்னிரண்டு இலக்க முறையில் ஆண்டை நான்கு இலக்கமாக எழுதுகிறார்கள். பிள்ளைகள் தங்கள் வீட்டு அட்டைகளின் இலக்கங்களிலிருந்து பிறந்தநாளைக் கண்டுபிடித்துப் பார்த்தார்கள். இலக்கத்திலிருந்து பிறந்தநாளுக்குப் போவது பலவற்றுக்கொன்றான சார்பு, பிறந்தநாளிலிருந்து இலக்கத்துக்குத் திரும்பி வரமுடியாது என்று அவர்களாகவே சொன்னார்கள்.

எண்ணி முடியாத தொடைகள்

கூட்டத்தில் அப்பா ஒரு குறுக்குவழி வைத்திருந்தார். பெயர்களின் எண்ணிக்கையும் துண்டுகளின் எண்ணிக்கையும் சமமாக இருக்கும் வாய்க்காலில், ஒரு துண்டில் இரண்டு பெயர் இல்லையென்று பார்த்தால் போதும், வெறும் துண்டு இருக்கிறதா என்று தனியாகத் தேடமாட்டார். அது முழுக்கச் சரி. சம எண்ணிக்கையுள்ள முடிவுள்ள தொடைகளுக்கிடையே ஒன்றுக்கொன்றான சார்பு தானாகவே மேல் சார்பாகும், மேல் சார்பு தானாகவே ஒன்றுக்கொன்றாகும். துண்டை விடப் பெயர் கூடினால் எப்படிப் பிரித்தாலும் ஏதோவொரு துண்டில் இரண்டு பேர் வந்தே ஆகவேண்டும். டிரிச்லேயின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னொரு தத்துவம் இது.

முடிவில்லாத தொடைகளுக்கு இந்தக் குறுக்குவழி உடைந்துபோகும். 1, 2, 3 என்று போகும் எண்களை அவற்றின் இருமடங்குக்கு அனுப்பினால் ஒன்றிலும் இரண்டு அம்பு விழாது, ஆனாலும் ஒற்றையெண்கள் எல்லாம் வெறுமையாகக் கிடக்கும். 1638இல் கலிலியோ எண்களுக்கும் அவற்றின் வர்க்கங்களுக்கும் ஒன்றுக்கொன்று சோடி சேர்க்கலாம் என்று காட்டி, ஆகவே முடிவிலிகளுக்கு 'கூட', 'குறைய', 'சமன்' என்ற சொற்கள் பொருந்தாது என்று நிறுத்திக்கொண்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கணிதவியலாளர் கான்டர் நிறுத்தவில்லை. இருபுறச் சார்பு இருந்தால் சமன், அவ்வளவுதான் என்று அதையே வரைவிலக்கணமாக எடுத்துக்கொண்டார். 1874இல் இயற்கை எண்களுக்கும் மெய்யெண்களுக்குமிடையே அப்படியொரு சார்பு இருக்கவே முடியாது என்று நிறுவினார். 1877இல், ஒரு கோட்டுத்துண்டின் புள்ளிகளுக்கும் ஒரு சதுரத்தின் புள்ளிகளுக்குமிடையே இருபுறச் சார்பு உண்டு என்று கண்டபோது, "காண்கிறேன், ஆனால் நம்பமுடியவில்லை" என்று சக கணிதவியலாளர் டெடிகிண்டுக்கு எழுதினார்.

இதெல்லாம் உயர்தரப் பாடத்திட்டத்தில் இல்லை. இருந்தாலும், நான்கு முறைப்பாட்டையும் கையில் வைத்திருக்கும் பிள்ளைக்கு இது எட்டாத தூரமும் இல்லை. 0இலிருந்து 1 வரையான எல்லா எண்களையும் இடப்பக்கத்தில் வைத்து, அதே எண்களை 0உம் 1உம் இல்லாமல் வலப்பக்கத்தில் வைத்து, நான்கு முறைப்பாடும் வராத ஒரு பட்டியல் எழுதச் சொல்லி வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டு கிழமையாக ஒருவரும் கொண்டுவரவில்லை. இடப்பக்கத்தில் இரண்டு பேர் கூட, வலப்பக்கத்தில் அவர்களுக்கு இடமில்லை என்று நின்றுவிட்டார்கள். பிறகு மாங்குளத்துப் பிள்ளை ஒரு தாளைக் கொண்டுவந்தாள். 0ஐ 1/2க்கு அனுப்பு. 1ஐ 1/3க்கு அனுப்பு. இடத்தை இழந்த 1/2ஐ 1/4க்கும், 1/3ஐ 1/5க்கும், 1/4ஐ 1/6க்கும் அனுப்பிக்கொண்டே போ. மிச்ச எண்கள் எல்லாம் தத்தம் இடத்திலேயே இருக்கட்டும். கீழே நான்கு முறைப்பாட்டையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே ஏன் அது வராது என்று நிறுவியிருந்தாள்.